திருநின்றவூர் பக்கம் குடிபோகலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டிருந்தது இதுதான். இப்ப வில்லிவாக்கத்துல வாடகைக்கு இருக்கீங்க, உங்களுக்கு வேலை சென்ட்ரல் பக்கத்துல, உங்க வீட்டம்மாவுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல, பையன் நாலாவது படிக்கறான், அம்மா கூடவே இருக்காங்க, முட்டி வலி. சத்தம், தூசி, வண்டி நிறுத்த தினம் ஒரு சண்டை, எல்லாம் போதும்னு அமைதியா ஒரு இடம் தேடி, சென்னைக்கு மேற்கால திருவள்ளூர் லைன்ல இருக்கற திருநின்றவூருக்கும் வேப்பம்பட்டுக்கும் நடுவுல அரை கிரவுண்ட் மனை பார்த்து வெச்சிருக்கீங்க. ஸ்டேஷன்லேர்ந்து 10 நிமிஷம்னு நோட்டீஸ்ல போட்டிருக்கான். வாங்கலாமா, அங்கேர்ந்து தினமும் வேலைக்குப் போய் வர முடியுமான்னு கேட்டீங்க.

போய் வர முடியும். நான் 1999-ல பெரம்பூர்லேர்ந்து திருநின்றவூருக்கு வந்தேன், 2022-ல ரிட்டையர் ஆகற வரைக்கும் பார்க் டவுன்ல இருக்கற ஆபீசுக்கு லோக்கல் ட்ரெயின்லதான் போனேன், வந்தேன். திரும்ப வில்லிவாக்கம், பெரம்பூர் பக்கம் வந்து இருக்கச் சொன்னா மாட்டேன். ஆனா அந்த மனையை இப்ப வாங்காதீங்க. முதல்ல இங்க வாடகைக்கு வாங்க. ஐப்பசியும் கார்த்திகையும் இங்கயே இருந்து பாருங்க, அதுக்கப்புறம் யாருக்கு வேணா அட்வான்ஸ் குடுங்க. ஏன் இப்படிச் சொல்றேன்னு விளக்கமா எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

முதல்ல ட்ரெயின். நாம போற இந்தத் தண்டவாளம் தென்னிந்தியாவுலயே முதல் பயணிகள் ரயில் ஓடின லைன், 1856-ல ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடு வரைக்கும் போட்டது. அப்புறம் 1955-ல ரயில் பெட்டி செய்யற ஐசிஎஃப் வந்துச்சு, 1961-ல ஆவடியில டாங்க் ஃபேக்டரி, 1964-ல அம்பத்தூர் எஸ்டேட், எல்லாமே இந்த லைன் ஓரமாவே வந்ததால அங்க வேலை பார்த்தவங்க பிஎஃப் பணம், கூட்டுறவு சொசைட்டி லோன்னு சேர்த்து சேர்த்து ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர்னு மேற்கால மனை வாங்கிக்கிட்டே போனாங்க. எங்க தெருவுல முதல்ல கட்டின வீடுகள்ல பாதிக்கு மேல ஐசிஎஃப்காரங்க, லோகோ ஒர்க்ஸ்காரங்க, ஆவடி ஃபேக்டரிக்காரங்கதான். அதனால ஊரோட பழக்கமே ஷிப்ட் டைமுக்கு அமைஞ்சது, விடியற்காலை நாலரைக்கு எல்லா வீட்லயும் குக்கர் சத்தம் கேக்கும், ராத்திரி ஒன்பதரைக்குத் தெரு அடங்கிடும். நீங்க தேடற அமைதி அதுதான்னா அது இங்க உண்டு.

சென்ட்ரல்லேர்ந்து திருநின்றவூர் ஏறக்குறைய 29 கிலோமீட்டர், ஸ்லோ லோக்கல்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. சீசன் டிக்கெட் செகண்ட் கிளாஸ் மாசத்துக்கு 200 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும், பெட்ரோல் போட்டு சி.டி.எச். ரோட்ல, அதாவது சென்னை-திருவள்ளூர் ஹை ரோட்ல வர்றதோட ஒப்பிட்டா அது ஒண்ணுமே இல்ல. உங்க ரெண்டு பேருக்குமே வேலை இதே லைன்ல இருக்கு, அதுதான் உங்க கேள்வியில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். எஸ்டேட்டுக்குப் பட்டரவாக்கம் ஸ்டேஷன்தான் கிட்ட, உங்க வீட்டம்மா எந்த ஃபேஸ்ல வேலை பார்க்கறாங்களோ அதைப் பொறுத்து அம்பத்தூர்ல இறங்கினாலும் சரிதான், எப்படியும் அரை மணி நேரத்துல போயிடலாம். இதே கேள்வியை சோழிங்கநல்லூர்லயோ சிறுசேரியிலயோ வேலை பார்க்கற ஒருத்தர் கேட்டா வேணாம்னு ஒரே வரியில முடிச்சிருப்பேன், ஏன்னா ட்ரெயின், அப்புறம் பறக்கும் ரயில், அப்புறம் பஸ்னு மாறி மாறிப் போய் ஒரு பக்கத்துக்கே ரெண்டரை மணி நேரம் ஆக்கி, ஆறு மாசத்துல உடம்பு கெட்டு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனவங்களை நான் பார்த்திருக்கேன். கிண்டி பக்கம்னா பரவாயில்ல, சென்ட்ரல்ல இறங்கி மெட்ரோ பிடிச்சிடலாம்.

ஆனா ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆவடி வரைக்கும் வண்டி நிறைய இருக்கும், பல வண்டிங்க ஆவடியிலயும் பட்டாபிராம்லயும் முடிஞ்சிடும். அதுக்கு மேல வர்றது திருவள்ளூர், அரக்கோணம், திருத்தணி வண்டிங்கதான். அதனால சென்ட்ரல்ல ஒரு வண்டியை விட்டா அடுத்தது உடனே வரும்ங்கற வில்லிவாக்கத்துப் பழக்கம் இங்க ஓடாது. ஞாயித்துக்கிழமை வண்டி இன்னும் கம்மி, லைன் வேலைன்னு கேன்சலும் பண்ணுவாங்க. அமாவாசை அன்னைக்குத் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போற கூட்டம், செவ்வாய் வெள்ளியில புட்லூர் அம்மனுக்குப் போற பொம்பளைங்க கூட்டம், அன்னைக்கெல்லாம் ஒரு வண்டி முன்னாடியே கிளம்பணும். பெரிய மழையில பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவுல இருக்கற பாலத்துல தண்ணி ஏறினா வண்டியை நிறுத்திடுவாங்க, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல அதுதான் ஆச்சு. 2020-ல கொரோனாவுக்கு லோக்கல் மொத்தமா நின்னப்ப எங்க வீட்டுக்காரர் என்னை டூவீலர்ல கொண்டு விட்டார், அம்பத்தூர், பாடின்னு அந்த ரோட்ல ரெண்டு பேரும் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கு. ட்ரெயினை மட்டுமே நம்பி இருக்கற ஊர் இது, அதைத் தெரிஞ்சுதான் வரணும்.

அதே ட்ரெயின் எனக்குக் குடுத்ததையும் சொல்லணும். லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல ஒரே வண்டி, ஒரே வாசல் பக்கம், 20 வருஷத்துக்கு மேல அதே முகங்க. கீரை ஆய்ஞ்சு பையில போட்டுக்கிட்டு வர்றவங்க, பூ கட்டறவங்க, புள்ளைக்குப் பரீட்சைன்னா மத்தவங்க புள்ளையோட பழைய நோட்டை வாங்கிட்டு வந்து குடுக்கறவங்க. என் பொண்ணு கல்யாணத்துக்கு ஓடியாடி வேலை செஞ்சதுல பாதிப் பேர் அந்தக் கம்பார்ட்மென்ட்காரங்கதான். உங்க வீட்டம்மாகிட்ட இதைச் சொல்லுங்க.

இப்ப அந்த 10 நிமிஷம் விஷயத்துக்கு வர்றேன். மனை விக்கறவங்க சொல்ற 10 நிமிஷம் பைக்ல, மதியம் ரெண்டு மணிக்கு, ரயில்வே கேட் திறந்திருக்கறப்ப. நீங்க அதைக் காலையில ஏழு மணிக்கு நடந்து பாருங்க, அப்புறம் ராத்திரி எட்டரைக்கு நடந்து பாருங்க. 25 நிமிஷம் ஆச்சுன்னா ஷேர் ஆட்டோவை நம்பணும், ஷேர் ஆட்டோ எல்லா நகருக்கும் போகாது, மெயின் ரோட்ல இறக்கி விட்டுட்டுப் போயிடும், அங்கேர்ந்து உள்ள போற தெருவுல லைட் எரியுதா, நாய் எத்தனை நிக்குது, காலி மனைங்க எவ்வளவு, அதுல முள்ளுச்செடி ஆளுயரத்துக்கு வளர்ந்திருக்கா, இதெல்லாம் உங்க வீட்டம்மா எட்டரை மணிக்கு நடக்கப் போற பாதைன்னு நினைச்சுப் பாருங்க. பகல்ல நல்லா இருக்குன்னு நினைச்ச தெருவே ராத்திரி வேற மாதிரி இருக்கும். என் அனுபவத்துல இந்தப் பக்கம் நிம்மதியா இருக்கறவங்க ஸ்டேஷனுக்கு நடந்தே போற தூரத்துல இருக்கறவங்கதான். ஸ்டேஷன்லேர்ந்து நாலு கிலோமீட்டர் உள்ள போய்ப் பெரிய வீடு கட்டினவங்களைவிட, நடக்கற தூரத்துல சின்ன வீட்ல இருக்கறவங்களுக்குத் தினம் ஒரு மணி நேரம் மிச்சம், அந்த ஒரு மணி நேரத்தைப் பையனோட உக்கார்ந்து வீட்டுப்பாடம் பார்க்கலாம்.

தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம்னும் பாருங்க. இது வெளியூர்க்காரங்க யாருக்கும் தோணாது. மனை ஒரு பக்கம், பள்ளிக்கூடம், மார்க்கெட், டாக்டர் எல்லாம் இன்னொரு பக்கம்னா ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்ல நிக்கணும், எக்ஸ்பிரஸ், கூட்ஸ், லோக்கல்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு போயிட்டே இருக்கற நாலு தண்டவாளம் இது. வேப்பம்பட்டுல மேம்பால வேலை பாதியில நின்னு வருஷக்கணக்கா ஜனங்க தண்டவாளத்தைக் குறுக்க கடந்துக்கிட்டிருந்தாங்க, அதுல உயிர் போயிருக்கு, 2024 ஜனவரியில ஒரு அப்பாவும் ரெண்டு பொண்ணுங்களும் ஒண்ணா போனாங்க, அந்தச் செய்தி கேட்ட அன்னைக்கு எங்க தெருவுல யாரும் சரியா சாப்பிடல. பையன் பள்ளிக்கூடம் போக தண்டவாளம் தாண்ட வேண்டி இருக்குற வீடு எவ்வளவு மலிவா கிடைச்சாலும் வேணாம்.

இதைவிட முக்கியம் தண்ணி. இதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுத உக்கார்ந்தேன்.

திருவள்ளூர் மாவட்டம் ஏரிங்களோட மாவட்டம், தம்பி. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு ஏரி, ஒரு ஏரி நிரம்பினா கலங்கல், அதாவது மிச்சத் தண்ணி வெளியேற விட்ட வழி, அது வழியா வழிஞ்சு போக்குக்கால்வாய்ல ஓடி அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினா அதுக்கடுத்தது, இப்படிச் சங்கிலி மாதிரி கோத்து வெச்சது நம்ம முன்னோருங்க. கரைக்கு ஒரு பக்கம் ஆயக்கட்டு, அதாவது மதகு வழியா தண்ணி பாயற வயல். இன்னொரு பக்கம் உள்வாய், அதாவது ஏரி முழுசா நிரம்பறப்ப தண்ணி வந்து நிக்கற இடம். ஏரி ஒவ்வொரு வருஷமும் முழுசா நிரம்பாது. அதனால உள்வாய் ஓரம் சித்திரை, வைகாசியில பார்த்தா நல்ல சமதரையா, காத்தோட்டமா, தூரத்துல பனைமரம் தெரிய அவ்வளவு அழகா இருக்கும். மனை விக்கறவங்க உங்களைக் கூட்டிட்டு வர்றது அந்த மாசத்துலதான். நாலஞ்சு வருஷம் மழை கம்மியா இருந்தா அங்க வீடு வரும், ரோடு வரும், கோயில்கூட வந்துடும். அப்புறம் ஒரு வருஷம் மழை பிச்சுக்கிட்டு ஊத்தும், ஏரி தன் இடத்துக்குத் திரும்பி வரும்.

எங்க ஊர் ஈசா ஏரியே அதுக்குச் சாட்சி. 2015-லயும் பார்த்தோம், 2021 நவம்பர்லயும் பார்த்தோம், ஏரி ஓரத்து நகருங்கள்ல வாரக்கணக்கா தண்ணி வடியல, ஜனங்க படகுல போய் வீட்டைப் பார்த்துட்டு வந்தாங்க. அங்க வீடு கட்டினவங்க யாரும் பேராசைக்காரங்க இல்ல, வாழ்நாள் சேமிப்பைப் போட்டு நம்பிக் கட்டினவங்க. பீரோவுல இருந்த கல்யாணப் புடவை, புள்ளைங்க சர்டிபிகேட் எல்லாத்தையும் மொட்டைமாடியில காயப்போட்டு உக்கார்ந்திருந்த ஒரு அம்மாவை நான் பார்த்தேன், அவங்க எனக்கு ட்ரெயின் சிநேகிதி. அந்தக் காட்சி கண்ணுலயே நிக்கறதாலதான் யார் மனை வாங்கறேன்னு கேட்டாலும் நான் முதல்ல ஏரியைப் பத்திப் பேசறேன்.

அதனால அந்த மனையைச் சுத்தி ரெண்டு கிலோமீட்டருக்குள்ள எத்தனை ஏரி, குளம், தாங்கல் இருக்குன்னு பாருங்க. தாங்கல்னா சின்ன ஏரி, பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல்னு பேர்லயே இருக்கும், தெருப்பேர்ல ஏரிக்கரை, கால்வாய்னு வந்தாலும் கவனிங்க. கலங்கல் எங்க இருக்கு, அதுலேர்ந்து வழியற தண்ணி எந்தப் பக்கம் போகும், அந்தப் போக்குக்கால்வாய் இப்ப திறந்திருக்கா, இல்ல மண்ணைக் கொட்டி மேல கடை கட்டிட்டாங்களா. இதை இன்ஜினியர்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி அந்தக் கிராமத்துல மாடு மேய்க்கற பெரியவர்கிட்ட கேளுங்க, பழைய ஊர்க்காரங்க வீடு எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க, அவங்க மேட்டுலதான் கட்டியிருப்பாங்க. அக்கம்பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவத்துல தண்ணி நின்ன கறை எவ்வளவு உயரத்துல இருக்குன்னு உத்துப் பாருங்க. வெள்ளை அடிச்சிருந்தாலும் கறை தெரியும்.

அப்புறம் காகிதம். கிராம வரைபடம், நிலத்தோட அளவு காட்டற எஃப்.எம்.பி. ஸ்கெட்ச், நிலம் என்ன வகைன்னு எழுதியிருக்கற ஏ பதிவேடு இது மூணையும் வாங்கி அந்த சர்வே நம்பர் என்ன வகைன்னு பாருங்க. ஏ பதிவேட்டுல ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்க்கால்னு இருந்தா அங்கேயே விட்டுடுங்க, நீர்நிலை ஆக்கிரமிப்பை எடுக்கறதுக்குன்னே 2007-ல தனிச் சட்டம் இருக்கு, இன்னைக்கு கரண்ட் கனெக்‌ஷன், வீட்டு வரி ரசீது எல்லாம் இருந்தாலும் நாளைக்கு இடிக்க வருவாங்க. பட்டா நிலமா இருந்தா மட்டும் போதுமான்னா போதாது, உள்வாயை ஒட்டின பட்டா நிலத்துலயும் தண்ணி வரும், தண்ணிக்குப் பட்டா தெரியாது. லேஅவுட் அப்ரூவல் நம்பர் கேளுங்க. பஞ்சாயத்து அப்ரூவல்னு சொன்னா அது லேஅவுட்டுக்குச் செல்லாது, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ இல்லன்னா நகர் ஊரமைப்புத் துறையான டிடிசிபி அப்ரூவல்தான் வேணும். 2016 செப்டம்பர்ல ஐகோர்ட் அங்கீகாரமில்லாத மனையைப் பதியக்கூடாதுன்னு உத்தரவு போட்டப்ப இந்தப் பக்கம் எத்தனை பேர் தவிச்சுப்போனாங்க, அடுத்த வருஷம் வரைமுறைப்படுத்தற திட்டம் வந்தப்புறம்தான் மூச்சு விட்டாங்க. வில்லங்கம் குறைஞ்சது 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க, தாய்ப்பத்திரத்தை வக்கீல்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லுங்க, அந்தச் செலவைப் பார்க்காதீங்க. லேஅவுட்ல பூங்காவுக்குன்னு விட்ட இடம் எதுன்னு கேட்டு அது வரைபடத்துல இருக்கற அதே இடத்துல இருக்கான்னு நேர்ல பாருங்க. நாங்க வாங்கின லேஅவுட்ல அந்தப் பூங்கா இடத்தையே மனை போட்டு விக்கப் பார்த்தாங்க, தெருக்காரங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு குடுத்து பல வருஷம் அலைஞ்சு மீட்டோம், இன்னைக்கு அங்க நாலு வேப்பமரமும் ரெண்டு பெஞ்சும் இருக்கு. பத்திரச் செலவு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதைத் தனியா எடுத்து வெச்சுக்கணும்.

கட்டறதைப் பத்தி ரொம்பச் சொல்லல, அது அப்புறம் வர்ற கதை. இங்க நிறைய இடம் நெல் வயலா இருந்த களிமண்ணு, மழையில உப்பும், வெயில்ல வெடிக்கும், மண் பார்க்காம அஸ்திவாரம் போட்டா சுவர் பிளக்கும். பேஸ்மென்ட்டை ரோட்டைவிட நல்லா உசத்திப் போடுங்க, ஏன்னா ஒவ்வொரு தடவை ரோடு போடறப்பவும் பழசைச் சுரண்டாம மேலயே போட்டுட்டுப் போயிடறாங்க, நாங்க மூணு படி ஏறி வீட்டுக்குள்ள போவோம், இப்ப ஒரு படி. போர் தண்ணி தெருவுக்குத் தெரு மாறும், எங்க வீட்ல துணி துவைக்க, குளிக்கச் சரி, குடிக்க கேன்தான். பாதாள சாக்கடை இல்லாத தெருன்னா செப்டிக் டேங்க்தான், பக்கத்து வீட்டு டேங்குக்கும் உங்க போருக்கும் எவ்வளவு தூரம்னு பாருங்க, கொசு உண்டு, மறைக்கறதுக்கில்ல.

எங்க ஊர்ல பூசலார் நாயனார் கோயில் இருக்கு, இருதயாலீஸ்வரர்னு பேரு. கையில காசு இல்லாம மனசுக்குள்ளயே கல் கல்லா அடுக்கிக் கோயில் கட்டினார், காஞ்சியில பல்லவராஜா கட்டின கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வெச்ச அதே நாள்ல சாமி இவரோட கோயிலுக்குத்தான் முதல்ல வந்தார்னு பெரிய புராணத்துல வரும். வீடு கட்டப் போறவங்க அங்க வந்து கும்பிட்டுட்டுப் போவாங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் ஏழு வருஷம் பெரம்பூர் ஒண்டுக்குடித்தனத்துல உக்கார்ந்து இங்க சமையலறை, இங்க துளசி மாடம்னு மனசுலயே கட்டினோம். அதனால உங்க அவசரம் எனக்குப் புரியுது. புரியறதாலதான் ஒரு மழைக்காலம் பொறுங்கன்னு கெஞ்சிக் கேக்கறேன்.

அம்மா விஷயத்துக்கு வருவோம், நீங்க அதை ஒரே வரியில எழுதிட்டுப் போயிட்டீங்க. நீங்க ரெண்டு பேரும் ஏழு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குத் திரும்பினா இந்த அமைதி உங்களுக்கு ராத்திரியும் ஞாயித்துக்கிழமையும்தான். பகல் முழுக்க அதுல இருக்கப் போறது அம்மா. வில்லிவாக்கத்துல வாசல்ல உக்கார்ந்தா பத்துப் பேர் பேசிட்டுப் போவாங்க, மார்க்கெட் பக்கத்துல, கோயில் பக்கத்துல. இங்க மதியம் பன்னண்டு மணிக்குத் தெருவுல நாய்கூட நடக்காது. எங்க மாமியார் வந்த புதுசுல ஆறு மாசம் கேட் பக்கத்துலயே சேர் போட்டு உக்கார்ந்திருந்தாங்க, ஒரு நாள் நான் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு இந்த நிசப்தம் என் கழுத்தை நெரிக்குதுடின்னு அழுதாங்க. அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு, நான் நல்லதுன்னு நினைச்சுக் கொண்டு வந்தது அவங்களுக்குத் தண்டனையா இருந்திருக்கு. அதுக்கப்புறம் நாங்க என்ன பண்ணோம்னா தினம் வர்ற கீரைக்காரம்மாவை உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு மோர் குடுக்கறது, எதிர்வீட்டு ஐசிஎஃப்காரர் சம்சாரத்தோட சனிக்கிழமை பக்தவத்சலப் பெருமாள் கோயிலுக்கு ஆட்டோவுல அனுப்பறது, இப்படி ஒண்ணொண்ணா பழக்கம் பண்ணோம். அந்தக் கோயில் தாயாருக்கு என்னைப் பெற்ற தாயார்னு பேரு, அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி சந்தோஷப்படுவாங்க. கடைசி காலத்துல ட்ரெயின் சத்தத்தை வெச்சே மணி சொல்லுவாங்க, அரக்கோணம் வண்டி போயிடுச்சு, உலை வைன்னு. ஊர்ப் பேரைக்கூட பழைய ஆளுங்க மாதிரி தின்னனூர்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. உங்கம்மாவுக்கு முட்டி வலி வேற, அதனால தரைத்தளம், வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்துலயே பேச ஆள் இருக்கற தெரு, இது மூணும் இருக்கற வீடாப் பாருங்க, தனியா வயல் நடுவுல நிக்கற வீடு வேணவே வேணாம்.

ஆஸ்பத்திரின்னா சின்னச் சின்ன வைத்தியத்துக்கு ஊர்லயே டாக்டருங்க இருக்காங்க, ஆவடியில அரசு ஆஸ்பத்திரி, திருவள்ளூர்ல 2022-லேர்ந்து அரசு மெடிக்கல் காலேஜ், பெருசா ஒண்ணுன்னா சென்ட்ரல் எதிர்ல ஜி.ஹெச். ராத்திரி நேரத்துல சி.டி.எச். ரோடு காலியா இருக்கும், பகல்ல நெஞ்சுவலின்னா அதே ரோடு நெரிசல்ல பயமா இருக்கும். பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரைக்கும் பையனை இங்கயே சேருங்க. வில்லிவாக்கம் ஸ்கூலையே வெச்சுக்கிட்டு சின்னப் புள்ளையைத் தினம் ட்ரெயின்ல இழுத்துட்டுப் போனவங்க வீட்ல ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முன்னாடியே தூங்கிப்போற புள்ளையைப் பார்த்திருக்கேன், பாவம்.

அமைதின்னு சொன்னேன், அதுலயும் கொஞ்சம் உண்மையைச் சொல்லிடறேன். புது லேஅவுட்ல முதல் அஞ்சாறு வருஷம் சுத்தி யாராவது கட்டிக்கிட்டே இருப்பாங்க, கல் அறுக்கற மிஷின், ஜல்லி லாரின்னு சத்தம் ஓயாது. ஆடி மாசம் அம்மன் கோயில் மைக் பத்து நாள் ராத்திரி வரைக்கும் பாடும். அதைத் தாண்டி ஒரு மழை ராத்திரியில தவளைச் சத்தமும், விடியற்காலையில ஏரிக்குப் போற கொக்கு வரிசையும் பார்த்துட்டீங்கன்னா அப்புறம் நீங்களே இங்கேர்ந்து நகர மாட்டீங்க.

மெட்ரோ வருது, பரந்தூர்ல ஏர்போர்ட் வருது, அதனால விலை ஏறிடும், இப்பவே வாங்குங்கன்னு புரோக்கர் சொல்லுவார். கோயம்பேட்டுலேர்ந்து ஆவடி வழியா பட்டாபிராம் அவுட்டர் ரிங் ரோடு வரைக்கும் மெட்ரோவுக்குத் திட்ட அறிக்கை குடுத்திருக்காங்க, அது திட்ட அறிக்கை, தண்டவாளம் இல்ல. வண்டலூர்லேர்ந்து நெமிலிச்சேரி வழியா மீஞ்சூர் போற அவுட்டர் ரிங் ரோடு நிஜமாவே இருக்கு, பட்டாபிராம்ல டைடல் பார்க் 2024 நவம்பர்ல திறந்து நிஜமாவே நிக்குது, 21 மாடி. கண்ணுக்குத் தெரியறதுக்கு விலை குடுங்க. வரப்போறதுக்கு இப்பவே விலை குடுத்தா அந்தப் பணம் புரோக்கருக்குத்தான் போகும்.

வாடகைக்கு வீடு பார்க்கறதுக்கு ஒரு கணக்கு சொல்றேன். ஆடியில நம்ம ஜனங்க யாரும் வீடு மாறமாட்டாங்க, அதனால வீட்டுக்காரங்க அப்ப இறங்கிப் பேசுவாங்க, காலியா இருக்கற வீடும் தெரியும். ஆடியில ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுட்டு உங்க வீட்டம்மாவையும் அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, காலையில நீங்க ஆபீஸ் போற அதே நேரத்துக்குத் திருநின்றவூர் பிளாட்பாரத்துல நின்னு கூட்டத்தைப் பாருங்க, அப்புறம் ஸ்டேஷனைச் சுத்தி நடந்தே வீடு பாருங்க, சாயங்காலம் இருட்டினப்புறம் ஒரு தடவை அந்த மனைக்கும் நடந்து போய்ட்டு வாங்க. பிடிச்ச வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு ஆவணி பொறந்ததும் பால் காய்ச்சிக் குடிவந்துட்டீங்கன்னா மழைக்கு முன்னாடி ரெண்டு மாசம் கிடைக்கும், ஐப்பசியில முதல் பெரிய மழை பேய்ஞ்ச மறுநாள் காலையில ரெயின்கோட்டைப் போட்டுக்கிட்டு அந்த மனையைப் போய்ப் பாருங்க.